புகையும் உடல்நலமும்: காவிரி டெல்டா மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சம்பா அறுவடை முடியும் தை, மாசி மாதங்களிலும், குறுவை அறுவடைக்கும் தாளடி நடவுக்கும் இடைப்பட்ட நாட்களிலும் டெல்டா மாவட்டங்களில் வயலில் தாள் (அறுத்தபின் எஞ்சும் நெல் அடித்தண்டும் வைக்கோலும்) எரிக்கும் புகை எழுகிறது. மாசி பிறந்தால் தமிழகத்தின் மலைக்காடுகளில் காட்டுத்தீக் காலமும் தொடங்கிவிடுகிறது. இந்தப் புகை உடலை என்ன செய்கிறது என்பது குறித்து வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. இவை பொதுவான விளக்கங்களே. ஒருவருடைய மருந்தையும் அதன் அளவையும் அவரைப் பார்த்துவரும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

டெல்டாவில் காடே இல்லையே, காட்டுத்தீப் புகையைப் பற்றி நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

கோடியக்கரையின் உலர் பசுமைமாறாக் காட்டையும் முத்துப்பேட்டையின் அலையாத்திக் காட்டையும் தவிர்த்தால் இங்கே காடு என்று பெரிதாக ஒன்றுமில்லை என்பது உண்மைதான். காட்டுத்தீ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த துயரம். அங்கே உயிரைப் பறித்தது தீ. ஆனால் பெருங்காட்டுத்தீக்களில் தீயை கண்ணால்கூடப் பார்க்காதவர்களைப் புகை தேடிச் சென்று பாதிக்கிறது. 2023 ஜூன் மாதம் கனடாவின் காடுகள் எரிந்தபோது, பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த நியூயார்க் நகரின் வானம் பட்டப்பகலில் செம்மஞ்சள் நிறமாயிற்று.

தாவரங்கள் எரியும் புகை மனித உடலில் என்ன செய்கிறது என்பது பற்றி மருத்துவ உலகுக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இத்தகைய தீக்களிலிருந்தும் விறகடுப்புகளிலிருந்தும் கற்றுக்கொண்டவை. நெல் தாளும் தென்னை மட்டையும் சருகும் எரிந்து வரும் புகை அதே இனத்தைச் சேர்ந்தது. வேறுபாடு ஒன்று உண்டு. காட்டுத்தீப் புகை வாரக்கணக்கில் நீடித்து, வெகு தொலைவு பரவும். வயல்புகை சில மணி நேரமே இருக்கும், ஆனால் வீட்டு வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஆள் உயரத்தில் எழும்.

புகையில் அப்படி என்னதான் இருக்கிறது?

கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களும், பல வாயுக்களும், நீராவியும் கலந்ததே புகை. உடல்நலக் கேடு பெரும்பாலும் நுண்துகள்களால் விளைகிறது. 2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத விட்டம் கொண்ட துகள்களைப் பி.எம். 2.5 என்று குறிப்பிடுவார்கள்; தலைமுடி ஒன்றின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. தாவரப் புகையின் துகள்களில் பெரும்பாலானவை 1 மைக்ரோமீட்டரையும் எட்டுவதில்லை. வாயுக்களில் கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், கண்ணையும் தொண்டையையும் எரியச் செய்யும் ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின், புற்றுநோயுடன் தொடர்புடைய பென்சீன் ஆகியவை அடங்கும்.

24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராமுக்கு மேல் பி.எம். 2.5 இருக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வரையறுத்தது. இந்தியாவில் 2009 முதல் உள்ள வரம்பு 60 மைக்ரோகிராம். சட்டப்படி ஏற்கத்தக்க காற்று என்பதும் உடலுக்கு உகந்த காற்று என்பதும் வெவ்வேறு என்பதை இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

வைக்கோல், இலை, விறகு எல்லாம் இயற்கைப் பொருள்கள். அவற்றின் புகை தீங்கு செய்யாது என்கிறார்களே?

இது தவறான நம்பிக்கை. நம் பகுதியில் மிக ஆழமாக வேரூன்றியதும்கூட. எரிவது வைக்கோலா டீசலா என்று நுரையீரல் பிரித்தறிவதில்லை. சொல்லப்போனால், தெற்குக் கலிஃபோர்னியாவின் மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரே அளவு பி.எம். 2.5 என்றாலும், காட்டுத்தீயிலிருந்து வந்த துகள்களே பிற துகள்களைவிட மூச்சுக்கோளாறுச் சேர்க்கைகளை அதிகமாக்கின என்று கண்டது. வேப்பிலைப் புகை கொசுவை விரட்டுகிறது என்றால், அந்தப் புகை கொசுவுக்கு மட்டும் ஒவ்வாதது என்று நாம் கருத இடமில்லை.

மூச்சுடன் உள்ளே சென்ற துகள்கள் என்ன ஆகின்றன?

பெரிய தூசியை மூக்கின் மயிரும் சளிப்படலமும் பிடித்து நிறுத்திவிடும். நுண்துகள்கள் அந்தக் காவலைத் தாண்டி, மூச்சுக்குழலின் கடைசிக் கிளைகள் வழியாக நுரையீரலின் காற்றுப் பைகளை அடைகின்றன. அங்கே அவற்றை விழுங்கி அழிக்க வரும் வெள்ளணுக்கள் சில வேதிப்பொருள்களை வெளியிடுவதால் அழற்சி உண்டாகிறது. மூச்சுக்குழல்கள் வீங்கி, சுருங்கி, சளி கூடுகிறது. இருமல், இழுப்பு, நெஞ்சு இறுக்கம் எல்லாம் இதன் வெளிப்பாடே.

பாதிப்பு நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. அழற்சியின் விளைவுகள் இரத்தத்தில் பரவுகின்றன. மிகச் சிறிய துகள்களில் ஒரு பகுதி நேரடியாகவே இரத்தத்துக்குள் சென்றுவிடுகிறது. இரத்தக் குழாய்களின் உட்சுவர் பாதிக்கப்படுகிறது, இரத்தம் உறையும் தன்மை கூடுகிறது, இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையக்கூடும். ஆகவேதான் புகை சூழ்ந்த நாட்களிலும் அதற்கடுத்த நாட்களிலும் ஆஸ்துமா நோயாளிகளோடு மாரடைப்பு, பக்கவாத நோயாளிகளும் மருத்துவமனைகளில் கூடுகிறார்கள். காலையில் புகையை சுவாசித்தவருக்கு மாலையில் நெஞ்சுவலி வந்தால், இரண்டையும் இணைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதப்படுமே தவிர, புகை என்று எழுதப்படுவதில்லை.

கார்பன் மோனாக்சைடு வேறு வழியில் தாக்குகிறது. இரத்தச் சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பிணைந்துகொள்வதால், உடலுக்கு ஆக்சிஜன் போய்ச் சேருவது குறைகிறது. திறந்தவெளியில் சற்றுத் தள்ளி நிற்பவருக்கு இது பெரிய ஆபத்தில்லை. எரியும் வைக்கோல் போருக்கு அருகில் நிற்பவருக்கும், அடைத்த அறையில் கரியடுப்பு வைத்திருப்பவருக்கும் உயிராபத்து.

யார் கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும்?

ஆஸ்துமாவும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் உள்ளவர்கள், இதய நோயாளிகள், சர்க்கரை நோயாளிகள், 65 வயதைக் கடந்தவர்கள், சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள். குழந்தைகளின் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. உடல் எடைக்கு ஒப்பிட்டால் அவர்கள் பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள். மேலும், விளையாடும்போது அவர்களைத் தடுப்பது எளிதன்று. இந்தப் பட்டியலில் பொதுவாகச் சேர்க்கப்படாத ஒரு சாரார் நம் பகுதியில் உண்டு. பல ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்த பெண்கள், பீடி, சிகரெட் எதையும் தொடாதவர்களாக இருந்தும், நுரையீரல் அடைப்பு நோயுடன் இருப்பார்கள். தமக்கு அந்த நோய் இருப்பதே பலருக்குத் தெரியாது. “வயசாச்சு, அதான் மூச்சு வாங்குது” என்று விட்டுவிடும் அம்மாவையோ அப்பத்தாவையோ ஒருமுறை நுரையீரல் செயல்திறன் சோதனைக்கு அழைத்துச் செல்வது நல்லது.

கர்ப்பிணிகளுக்கு என்ன ஆபத்து?

கர்ப்ப காலத்தில் நுண்துகள்களுக்கு ஆட்படுவது குறைமாதப் பிரசவத்துடனும், குழந்தை எடை குறைந்து பிறப்பதுடனும் தொடர்புடையதாகப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரு நாள் புகை பட்டதற்காக அஞ்சித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்து வயலில் எரிக்கப்போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் அன்று வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டுக்குச் சென்றுவிடுவது உத்தமம்.

காலையில் தெரிவது மூடுபனியா, புகையா என்று எப்படிக் கண்டறிவது?

மழை குறைந்த நாடுகளில், எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதை வைத்தே புகையின் அளவை ஓரளவு கணிப்பார்கள். மார்கழியிலும் தையிலும் பனி இறங்கும் டெல்டாவில் இந்த முறை ஏமாற்றிவிடும். அக்காலத்தில் இரவில் தரை விரைவாகக் குளிர, அதற்கு மேலே சற்று வெப்பமான காற்று மூடிபோல் படிந்துவிடுகிறது. மாலையில் கொளுத்திய தாளின் புகை மேலே எழ வழியின்றி, விடியும் வரை தெருவிலேயே தங்கிப் பனியோடு கலந்துவிடும். வெயில் ஏறி ஒன்பது மணிக்கு மேலாகியும் அடுத்த ஊர்க் கோபுரமோ பனைவரிசையோ மங்கலாகவே தெரிந்தால், கருகல் வாடையும் வந்தால், அது பனி அன்று.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்க்கலாம். குறியீடு 100 வரை இருந்தால் பெரும்பாலோருக்குக் கவலையில்லை. 101 முதல் 200 வரை இருந்தால் ஆஸ்துமா, இதய நோயாளிகள் கவனமாக இருக்க வேண்டும். 200ஐத் தாண்டினால் எல்லோரும் வெளிவேலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் காற்றை அளக்கும் நிலையங்கள் நகரங்களில் இருக்கின்றன. நகரத்து அளவு நன்றாக இருப்பதால் உங்கள் தெருவில் நிற்கும் புகை இல்லாமல் போய்விடாது. செயலியைவிட உங்கள் மூக்கையும் நெஞ்சையும் நம்பலாம்.

ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டால் போதுமா? எந்த முகக்கவசம் நல்லது?

ஈரத்துண்டு சாம்பலையும் பெருந்துகளையும் தடுக்கும். நுண்துகள்கள் அதன் இழைகளுக்கிடையே சாதாரணமாகப் புகுந்துவிடும். துணி முகக்கவசமும் மருந்துக்கடையில் கிடைக்கும் நீல அறுவை முகக்கவசமும் அரைகுறைப் பாதுகாப்பே தருகின்றன. என்95 முகக்கவசம் 0.3 மைக்ரோமீட்டர் அளவுத் துகள்களில் 95 விழுக்காட்டை வடிகட்டும் வகையில் தயாரிக்கப்படுகிறது. ஆனால் அது முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். மூக்கின் மேலுள்ள கம்பியை அழுத்தி, இரண்டு பட்டைகளையும் தலைக்குப் பின்னால் போட்டு, ஊதிப் பார்க்கும்போது ஓரங்களில் காற்று கசியாதவாறு அணிய வேண்டும்; அடர்ந்த தாடி இருந்தால் காற்று கசியும். வாயுக்களை அது தடுக்காது என்பதால், அதை அணிந்துகொண்டு தீக்கு அருகில் போய் நிற்கலாம் என்று கருதக்கூடாது.

ஜன்னல்களை அடைத்துவிட்டால் வீட்டுக்குள் புகை வராதா?

வீட்டைப் பொறுத்தது. கான்கிரீட் தளம் போட்ட வீட்டில், கதவு ஜன்னல்களை அடைத்து, கதவுக்குக் கீழேயுள்ள இடைவெளியில் ஈரத்துணியைச் சுருட்டி வைத்தால், புகை கணிசமாகக் குறையும். நடுவில் முற்றம் வைத்த பழைய ஓட்டு வீட்டிலோ கீற்றுக் கூரையிலோ இது எடுபடாது. ஓடுகளுக்கிடையிலும் முற்றத்தின் வழியாகவும் புகை தாராளமாக இறங்கும். அத்தகைய வீடுகளில், மேலே தட்டோடு அல்லது மச்சு உள்ள ஓர் உள்ளறையைத் தேர்ந்து, நோயாளியையும் குழந்தைகளையும் அங்கே இருக்கச் செய்வதே நடைமுறைக்கு ஏற்றது. அதுவும் இயலாதவர்கள், அந்தச் சில மணி நேரத்துக்குக் காற்று புகையைக் கொண்டுவராத பக்கத்திலுள்ள வேறொரு மெத்தை (தளம் போட்ட) வீட்டுக்குப் போய்விடலாம்.

மின்விசிறி காற்றைச் சுழற்றுமே தவிரச் சுத்தமாக்காது. ஏசி இருந்தால், வெளிக்காற்றை இழுக்காத அமைப்பில் ஓடவிடலாம். நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் நன்றாகப் பயன் தரும். விலை அதிகம் என்பதால், வீட்டில் மூச்சு நோயாளி இருந்தால் மட்டும் அந்தச் செலவைப் பற்றி யோசிக்கலாம் என்பதே என் கருத்து. ஓசோன் வெளியிடும் கருவிகளை வாங்கவே கூடாது. ஓசோன் தானே நுரையீரலைப் புண்படுத்தும். புகை விலகியதும் எல்லா ஜன்னல்களையும் திறந்து வீட்டைக் காற்றாட விடுங்கள். அடைத்த வீட்டில் வெயில் காலத்தில் வெப்ப மயக்கம் வரக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். பங்குனி, சித்திரையில் முதியவரைப் புகைக்கு அஞ்சிப் புழுக்கத்தில் அடைப்பது ஒன்றுக்குப் பதில் மற்றொரு கேட்டை வரவழைப்பதாகும்.

கொசுவர்த்தியும் சாம்பிராணியும் இதில் சேருமா?

சேரும். ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுவதும் எரிந்து வெளிவிடும் பி.எம். 2.5, 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று அளவிட்டுக் கூறியது. வெளியே புகை என்று ஜன்னலை அடைத்துவிட்டு உள்ளே சுருளைக் கொளுத்தி வைப்பது எந்த வகையில் பாதுகாப்பு என்று புரியவில்லை. கொசுவலை போதும். மாட்டுக் கொட்டகையில் உமியும் வேப்பந்தழையும் போட்டு மூட்டம் வைப்பவர்கள், கொட்டகை வீட்டுச் சுவரை ஒட்டியிருந்தால், அதைத் தள்ளி வைக்க வேண்டும். புகை நாட்களில் விறகடுப்பையும், எண்ணெய் காய்ச்சிப் பொரிப்பதையும், வறண்ட துடைப்பத்தால் கூட்டுவதையும் தவிர்த்தால் அறைக்காற்று உடனே மேம்படும்.

கருப்பட்டி, மிளகுப் பால், ஆவி பிடித்தல் ஆகியவை நுரையீரலைச் சுத்தம் செய்யுமா?

வெல்லமோ கருப்பட்டியோ சாப்பிட்டால் தூசியெல்லாம் வெளியேறிவிடும் என்பதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை. உணவு வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. வெதுவெதுப்பான மிளகுப் பால் தொண்டைக்கு இதமளிக்கும். அந்த அளவில் குடிப்பதில் தவறில்லை, சர்க்கரை நோயாளிகள் இனிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆவி பிடிப்பதால் மூக்கடைப்பு நெகிழலாம், துகள்கள் வெளியேறா. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் சுட்டுக்கொள்ளும் விபத்துகள் நேர்வதால் அவர்களுக்கு ஆவி பிடிப்பதைத் தவிர்ப்பதே நன்று. கண் எரிந்தால் கசக்காமல் தூய நீரால் கழுவினாலே போதும்.

ஆஸ்துமா உள்ளவர்கள் முன்கூட்டியே என்ன செய்ய வேண்டும்?

அறுவடைக் காலம் தொடங்குமுன் மருத்துவரைப் பார்த்து, புகை நாளில் என்ன மருந்தை எத்தனை முறை எடுப்பது என்பதைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஹேலர் எனப்படும் உறிஞ்சிகளில் இரண்டு வகை உண்டு: உடனடியாக மூச்சுக்குழலை விரிப்பது ஒன்று, அழற்சியை நாள்தோறும் அடக்கி வைப்பது மற்றொன்று. இரண்டாவதைத்தான் “இப்பதான் நல்லா இருக்கே” என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். புகை வரும் வாரத்தில் இழுப்பு முற்றுவதற்கு அதுவே பெருங்காரணம். உறிஞ்சிக்குப் பழகிவிடுவோம் என்ற அச்சம் தேவையற்றது. குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் ஸ்பேசர் எனப்படும் குழலைப் பொருத்திக் கொடுத்தால் மருந்து தொண்டையில் படியாமல் உள்ளே செல்லும். உடனடி உறிஞ்சியில் மருந்து தீர்ந்திருக்கிறதா, காலாவதி ஆகிவிட்டதா என்று பார்த்து, கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

ஆக்சிமீட்டரில் 98 காட்டுகிறது, அப்படியானால் பயமில்லையா?

முழுமையாக நம்ப வேண்டாம். கொரோனா காலத்தில் பல வீடுகளில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டர், கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறியதாகவே கணக்கிட்டுவிடும். எரியும் இடத்தில் புகையில் சிக்கியவருக்குத் தலைவலி, தலைசுற்றல், வாந்தி, குழப்பம் இருந்தால், கருவி எந்த எண்ணைக் காட்டினாலும் உடனே திறந்தவெளிக்குக் கொண்டுவந்து மருத்துவமனைக்குச் சேர்க்க வேண்டும்.

எந்த நிலையில் 108ஐ அழைக்க வேண்டும்?

ஒரு முழு வாக்கியத்தை மூச்சு விடாமல் பேச முடியாமை, உதடோ நகமோ நீலம் பாய்தல், உடனடி உறிஞ்சியைப் பயன்படுத்தியும் இழுப்பு தணியாமை, நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, முகம் ஒருபுறம் கோணுதல், பேச்சுக் குழறல், மயக்கம். குழந்தை மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கிடையே சதை உள்ளிழுத்தால் அதுவும் அவசரமே. பொழுது விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவசரமல்லாத ஐயங்களுக்கு 104 எண்ணில் ஆலோசனை பெறலாம்.

தாளை எரிக்காமல் விவசாயி வேறு என்ன செய்ய முடியும்?

இக்கேள்வியை ஒதுக்கிவிட்டு உடல்நலம் மட்டும் பேசுவது நியாயமாகாது. கையால் அறுத்த காலத்தில் வைக்கோல் களத்துக்கு வந்து போராயிற்று, மாடும் இருந்தது. அறுவடை இயந்திரம் வந்தபின் வைக்கோல் வயலிலேயே சிதறிக் கிடக்கிறது, மாடுகளும் குறைந்துவிட்டன, அடுத்த நடவுக்கு ஆளும் நாளும் இல்லை. ஒரு தீக்குச்சி எல்லாவற்றையும் முடித்துவிடுகிறது. சம்பா வைக்கோலை உருளையாகக் கட்டும் இயந்திரமும், வாங்கி லாரியில் ஏற்றிச் செல்லும் வியாபாரியும் கிடைக்கும் ஊர்களில் எரிப்பது தானாகவே குறைந்திருக்கிறது. சிக்கல் குறுவையில்தான்: மழையில் நனைந்த வைக்கோலை யாரும் வாங்குவதில்லை. அதை நீர் கட்டி மடக்கி உழுது, மட்குவதற்கு இரண்டு மூன்று வாரம் விட்டபின் நடவு செய்யலாம். உடனே நட்டால், மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால் பயிர் சிறிது காலம் மஞ்சள் பாயும். சம்பா அறுவடைக்கு முன் உளுந்தோ பச்சைப்பயறோ தெளிக்கும் வழக்கமுள்ள வயல்களில் தீ வைக்கும் பேச்சே எழுவதில்லை.

எரிப்பவரோடு சண்டையிடுவதைவிட, எரிக்கும் நாளை முன்னதாகச் சொல்லும்படி கேட்டுக்கொள்வது பல தெருக்களில் பலன் தரக்கூடியது. எரித்தே ஆக வேண்டுமென்றால், மாலையில் கொளுத்துவதைவிட வெயில் ஏறிய நண்பகலில் கொளுத்தினால் புகை மேலெழுந்து கலையும். சாலையோர வயலில் எந்த நேரமும் கொளுத்தக் கூடாது, வாகன விபத்துக்கு அது வழிவகுக்கும்.

குப்பைக் கிடங்கு எரியும் புகையும் இதே போன்றதுதானா?

அதைவிடக் கொடியது. பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் போன்ற நச்சுகளும், பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் சேர்கின்றன. திருச்சி அரியமங்கலம் கிடங்கு பலமுறை எரிந்திருக்கிறது. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் கிடங்கில் பற்றிய தீ ஒரு வாரத்துக்கும் மேல் நகரைப் புகையில் ஆழ்த்தியது. குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பது 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படியே தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சாதாரண எரிப்புக்கு 5,000 ரூபாயும் பெருமளவு எரிப்புக்கு 25,000 ரூபாயும் அபராதம் நிர்ணயித்தது. தெருமுனையில் பாலித்தீன் பையோடு சருகைக் கூட்டிக் கொளுத்துவதும் இந்தத் தடைக்குள் அடங்கும்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் எங்கள் பிள்ளைகள் புகைமூட்டம் என்று சொல்கிறார்களே, அது என்ன?

இந்தோனேசியாவின் சுமத்ரா, காலிமந்தான் பகுதிகளில் காட்டையும் கரிநிலத்தையும் எரித்து நிலம் திருத்தும்போது எழும் புகை காற்றில் அந்நாடுகளுக்கு வருகிறது. தாவரங்கள் அரைகுறையாக மட்கிச் சேர்ந்த கரிநிலம் தரைக்கடியிலும் புகைந்துகொண்டே இருப்பதால், அதை அணைப்பது கடினம். 1997, 2015 ஆகிய ஆண்டுகளில் அது கடுமையாக இருந்தது. 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரின் காற்று மாசுக் குறியீடு 401ஐத் தொட்டது. கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வெளியில் நின்று வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகள், அங்கே அறிவிக்கப்படும் எண்ணை நாள்தோறும் பார்த்து, என்95 அணிந்து, இழுப்பு வரும் உடம்பாக இருந்தால் மேலாளரிடம் தயங்காமல் சொல்லிவிட வேண்டும். ஆஸ்துமா உள்ளவர் இங்கிருந்து புறப்படும்போதே மருத்துவரின் சீட்டையும் உறிஞ்சியையும் கைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது. புகைமூட்டம் பெரும்பாலும் ஜூன் முதல் அக்டோபர் வரை வருகிறது.

எரிந்து முடிந்தபின் மொட்டைமாடியிலும் வாசலிலும் படிந்த சாம்பலை எப்படி அகற்றுவது?

கூட்டினால் அது மீண்டும் காற்றில் எழும். முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, பிறகு ஈரத்துணியாலோ மாப்பாலோ துடைத்தெடுக்க வேண்டும்; துடைப்பவர் முகக்கவசம் அணிந்திருப்பது நல்லது, ஆஸ்துமா உள்ளவரிடம் இந்த வேலையை விட வேண்டாம். கொல்லையிலுள்ள கீரை, கத்தரியைத் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டுச் சமைக்கலாம். மழைநீர்த் தொட்டி இருந்தால், சாம்பல் படிந்த மாடியில் பெய்யும் முதல் மழையின் நீரை உள்ளே விடாமல் வெளியேற்றிவிடுங்கள்.